எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்பதை எது முடிவு செய்கிறது?

கேள்வி இதுதான்: பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, காசு வாங்குவதில்லை, போதாததற்கு உதவித்தொகையும் தருகிறார்கள். அப்படியிருந்தும் கூலி வேலை செய்கிறவர்கள்கூட வட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இன்னொரு பக்கம், மலைக் கிராமங்களில் இன்றும் சில குழந்தைகள் வீட்டிலேயே பிறக்கின்றன. படிப்பறிவு இல்லாததுதான் இதற்கெல்லாம் காரணமா?

இல்லை என்பதுதான் என் பதில். படிப்புக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அதையே முதல் காரணமாகச் சொன்னால் பழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் விழுந்துவிடும். கிராமப்புறத் தாய் சேய் நலப் பணியில் பல வருடங்கள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிரசவம் எங்கே என்று வீட்டில் பேசி முடிக்கும்போது, பிள்ளை பெறப் போகிறவளிடம் யாரும் கேட்பதே அபூர்வம். பணம் யார் கையில் இருக்கிறது, கூட வந்து தங்க ஆள் உண்டா, நடுராத்திரி வண்டி வருமா, போன இடத்தில் மனுஷியாக நடத்துவார்களா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்கிறது. அவள் போய்ப் படுக்கிறாள், அவ்வளவுதான்.

படிப்பறிவு பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். நாகாலாந்தையும் பீகாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு நாகாலாந்தில் சுமார் 76 சதவீதம், பீகாரில் சுமார் 51 சதவீதம். ஆனால் 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மருத்துவமனையில் நடந்த பிரசவங்கள் நாகாலாந்தில் 45.7 சதவீதம், பீகாரில் 76.2 சதவீதம். படித்த மாநிலத்தில்தான் பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வீட்டில் நடந்திருக்கின்றன. நாகாலாந்து மலைநாடு. ஊர்கள் சிதறிக் கிடக்கும், பெரிய மருத்துவமனைகள் தூரத்தில் இருக்கும். பீகாரில் வறுமை அதிகம் என்றாலும் சமவெளி. அதோடு 2005ல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்தில், பீகார் போன்ற மாநிலங்களின் கிராமப்புறத் தாய்க்கு அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் 1,400 ரூபாய் கையில் கிடைத்தது. அழைத்து வர ஊருக்குள்ளேயே ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளரும் இருந்தார். தூரமும் பணமும் கூட வரும் ஆளும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த ஒரு ஒப்பீட்டிலேயே தெரியும்.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். 1992-93ல் நடந்த முதல் தேசியக் குடும்ப நல ஆய்வில் இங்கே சுமார் 63 சதவீதப் பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன. ஐந்தாவது ஆய்வில் 99.6 சதவீதம். மூன்று செவிலியர்களை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008 செப்டம்பரில் வந்த 108 ஆம்புலன்ஸ், வீடு வீடாக நடந்து கணக்கெடுக்கும் கிராம சுகாதார செவிலியர் என எல்லாருடைய உழைப்பும் அதில் இருக்கிறது. இது சாதாரண சாதனை இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களிடம்தான் எனக்கு மனத்தாங்கல். வீடா மருத்துவமனையா என்ற கேள்வி பெரும்பாலும் முடிந்துவிட்டது. எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எப்படிப்பட்ட பிரசவம் என்பதில் பழைய மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருக்கிறது.

இந்த மேடு பள்ளம் நேற்று வந்ததும் இல்லை. சென்னை எழும்பூரில் 1844லேயே மகப்பேறு மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் ஆண் மருத்துவர் இருக்கும் இடத்துக்கும், எல்லாச் சாதியாரும் படுக்கும் வார்டுக்கும் வர 'பெரிய' குடும்பத்துப் பெண்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அவர்களுக்கென்றே 1885ல் டாக்டர் மேரி ஷார்லீப் முயற்சியில் இன்னொரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே உயர்சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று இருந்தது. கோஷா என்றால் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ஆனால் சென்னைவாசிகள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதையும் இதே காலத்தியதுதான். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ வேண்டும் என்று ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண்ணைத் தேடி வந்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்கவில்லை, அவருடைய அப்பாதான் டாக்டர். அந்நிய ஆண் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று மூவருமே திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படித்து வந்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். அங்கே மருத்துவருக்குக் குறை இல்லை. குடும்ப கௌரவம் என்ற ஒன்று நடுவில் நின்றது.

கீழே இருந்தவர்களின் கதை வேறு. கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்தைச் சேர்ந்த மருத்துவச்சிகள். சில இடங்களில் தலித் பெண்கள். பிள்ளைப்பேறு தீட்டு என்பதால், அந்த ரத்தத்தைத் தொட்டுக் கழுவும் வேலையைச் சாதிப் படிநிலையில் கீழே இருந்த பெண்கள் தலையில் கட்டினார்கள். ஊரே அவர்கள் கையில் பிறந்தது. கூலியாகக் கொஞ்சம் நெல்லும் பழம்புடவையும் கிடைத்தன. அவர்களுக்குத் தெரிந்ததை மதித்து, தெரியாததைச் சொல்லிக் கொடுத்து மேலே கொண்டுவந்திருக்கலாம். கொஞ்ச காலம் பயிற்சியும் கொடுத்தார்கள், பிறகு ஓரங்கட்டிவிட்டார்கள். தாய்மார் சாவு குறைய மருத்துவமனை தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பயந்து கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைத் தடவிக் கொடுத்து, 'இதோ ஆச்சு கண்ணு' என்று சொல்லிக்கொண்டே இருந்த அந்த வாய்க்கு ஈடாக மருத்துவமனையில் நாம் எதையும் வைக்கவில்லை.

இப்போது பணம். அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்கிறோம். கட்டணம் இல்லை என்பது உண்மைதான். அதே ஐந்தாவது ஆய்வு, இந்திய அளவில் அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்கே சராசரியாக 2,916 ரூபாய் கைக்காசு செலவாகிறது என்று சொல்கிறது. ஒரு பெண் சிசேரியன் முடிந்து ஒரு வாரம் ஜி.எச்.சில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கூடவே மாமியாரோ அம்மாவோ இருக்க வேண்டும், அவருடைய நூறு நாள் வேலைக் கூலி போயிற்று. புருஷன் தினமும் வந்து போக வேண்டும், அவன் கூலியும் போயிற்று. மூத்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும். ஃபிளாஸ்க், வாளி, குழந்தையைச் சுற்றப் பழைய வேட்டித் துணி, துணைக்கு வந்தவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அப்புறம், சொல்லவே கூசுகிற செலவு ஒன்று உண்டு. குழந்தையை வெளியே தூக்கிவந்து காட்டும்போதே கை நீளும். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் குழந்தை என்றால் அதைவிடக் குறைவு. ஒழிந்துவிட்டது என்று அடிக்கடி சொல்கிறார்கள். அந்த வார்டுகளுக்கு வெளியே மரத்தடியில் காத்திருக்கும் பாட்டிகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அரசு தரும் பணம் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று உயர்ந்தது. 18,000த்தில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், மீதி தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு மருத்துவமனையில் பிரசவித்தால்தான் பிரசவத்துக்கான தவணை என்று வைத்தது, கையில் காசில்லாத குடும்பங்களை அரசு மருத்துவமனைப் பக்கம் இழுத்தது உண்மை. ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளில்தான் நடந்தன. ஆனால் தவணை சில சமயம் குழந்தைக்குப் பல் முளைத்த பிறகுதான் வந்து சேர்கிறது. ஏழாம் மாதத்தில் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டியவளுக்கு, அடுத்த வருடம் வரும் பணம் எப்படிச் சோறு போடும்? அதனால் அவள் ஒன்பதாம் மாதமும் களை எடுக்கப் போகிறாள். மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. களை எடுப்பவளுக்கு ஒரு நாளும் கிடையாது.

அப்படியானால் காசில்லாதவர்களே ஏன் தனியாருக்குப் போகிறார்கள்? கேள்வியில் உங்களை அதிகம் உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு நம் வழக்கத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அழைத்துப் போவார்கள், செலவும் அவர்களுடையது. சம்பந்தி வீட்டார் பார்க்க வருவார்கள் என்பதால், ஜி.எச். தரையில் பாய் விரித்து மகள் படுத்திருந்தால் மானம் போய்விடும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நினைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் செலவு தங்களுடையது இல்லை என்பதால் 'நல்ல ஆஸ்பத்திரியா பாருங்க' என்று தயங்காமல் சொல்கிறார்கள். நகை அடகுக்குப் போகிறது, மகளிர் குழுவில் கடன் எடுக்கிறார்கள். அதே பெண்ணின் இரண்டாவது பிரசவத்தைக் கவனித்துப் பாருங்கள். செலவு இப்போது புருஷன் வீட்டினுடையது. 'முதல் தடவை நல்லபடியா ஆச்சே, இப்ப ஜி.எச்.லயே பார்த்துக்கலாம்' என்பார்கள். பெண்ணும் மாறவில்லை, அவள் படிப்பும் மாறவில்லை. பணம் கட்டுகிறவர் மாறினார், ஆஸ்பத்திரி மாறிவிட்டது.

இந்த வழக்கத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு, வெளியே பேசப்படுவதே இல்லை. ஏழு மாதம் ஓர் ஊர் செவிலியர் பார்த்துவந்த கர்ப்பிணி, பிரசவத்துக்கு வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறாள். ரத்த அழுத்தம் எப்போது ஏற ஆரம்பித்தது, முந்தைய குழந்தை எப்படிப் பிறந்தது என்பதெல்லாம் முதல் செவிலியருக்குத்தான் மனப்பாடம். கர்ப்பிணிகளுக்கான பதிவு எண் கணினியில் வந்ததால் இது கொஞ்சம் சரியாகியிருக்கிறது. எண் போய்ச் சேர்கிறது, பழக்கம் போய்ச் சேர்வதில்லை.

மீதிப் பாதி விடை மரியாதை. பிரசவ அறையில் வலியில் கத்தும் பெண்ணிடம் என்னென்ன சொல்வார்கள் என்பதை இங்கே அப்படியே எழுத முடியாது. புருஷனோடு படுத்ததைச் சொல்லிக் காட்டி அதட்டுவார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தொடையில் அடி வாங்கியதை முதல் பிரசவம் பற்றிய ஞாபகமாகச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். எல்லாச் செவிலியரும் அப்படி இல்லை. ஒரே இரவில் இரண்டு பேர் பத்துப் பன்னிரண்டு பிரசவம் பார்க்கும் வார்டில் பொறுமை எங்கிருந்து வரும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அதட்டல் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. புடவையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று பார்த்து விழுகிறது. வட்டிக்கு வாங்கித் தனியாருக்குப் போகிறவர்கள் பலர் வாங்குவது சிகிச்சையை அல்ல, திட்டு வாங்காமல் இருப்பதற்கான உரிமையை. இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த உரிமைக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், அதுவும் குறைவில்லை. ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. சிக்கலான பிரசவங்கள் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தனியாரின் எண் இன்னும் உறுத்தும். காத்திருந்து பார்க்க நேரமில்லாத மருத்துவர், நட்சத்திரம் பார்த்துக் குறித்துக் கொடுத்த நேரம், வலிக்குப் பயப்படும் பெண், அந்தப் பயத்தைப் போக்க ஆள் இல்லாத ஏற்பாடு, இத்தனையும் அதற்குள் இருக்கிறது.

ஏழைப் பெண் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரசவிக்க நினைத்தாலும் பல சமயம் முடிவதில்லை, இதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் ஏழு, ஏழரை என்று அட்டையில் எழுதுவார்கள். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கமும், அடுத்தடுத்த பிரசவமும், சின்ன வயதுக் கல்யாணமும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ரத்தம் குறைவாக இருந்தால் அவள் சிக்கல் உள்ள கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்க மாட்டார்கள், தாலுகா மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். மருத்துவரீதியாக அது சரியான முடிவு. ஆனால் விளைவைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு ஐந்து கிலோமீட்டரில் பிரசவம், பட்டினி கிடந்தவளுக்கு அறுபது கிலோமீட்டரில். தூரச் செலவை வறுமையே கூட்டிவிடுகிறது.

மலையில் இந்தத் தூரம் இன்னும் கொடுமை. நாமக்கல் மாவட்டத்துப் போதமலை மாதிரி வாகனம் ஏறும் சாலையே இல்லாமல் தலைமுறைகளாகக் கிடந்த ஊர்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, கர்ப்பிணியைச் சுமந்து இறங்குவார்கள். 108 அடிவாரத்தில் நிற்கும். மழை பெய்தால் இறங்கும் வழியே இருக்காது. இதற்காகவே பழங்குடிப் பகுதிச் சுகாதார நிலையங்களில், தேதிக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளப் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பத்து நாள் முன்னாலேயே வந்து தங்கினால் வீட்டில் ஆட்டைப் பார்ப்பது யார், மூத்த பிள்ளைக்குச் சோறாக்குவது யார்? அந்தப் பெண்கள் வராமல் போவதற்கு இந்தக் கணக்கு காரணம். நாம் அதை அறியாமை என்று எழுதிவைக்கிறோம்.

அறியாமை இல்லாமலே வீட்டில் பெற்றுக்கொள்ள முயல்பவர்களும் இருக்கிறார்கள். 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் இறந்துபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். மலையில் இருப்பவள் வழியில்லாமல் வீட்டில் பெறுகிறாள், இவர்கள் வழி இருந்தும் வீட்டில் பெறுகிறார்கள். ரத்தப்போக்கு ஆரம்பித்தால் ஆம்புலன்ஸை வரவழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இரண்டாமவர்களுக்கு இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கு அந்த அளவுக்கு நேரம் தருவதில்லை. இயற்கை, பாரம்பரியம் என்று இதைப் பரப்புகிறவர்கள், அந்தப் பாரம்பரியத்தில் பிரசவத்தில் இறந்த பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, 99.6 போக மிச்சம் இருப்பவர்கள். பாதியை ஏற்கனவே சொல்லிவிட்டேன். மீதிப் பேரில் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இரண்டு வகை.

ஒன்று, பதினெட்டு வயது ஆகாத கர்ப்பிணிகள். ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிராக 2012ல் வந்த போக்சோ சட்டப்படி, அந்தப் பெண் மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சட்டம் குழந்தைகளைக் காப்பாற்ற வந்தது, அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? புருஷன் கைதாவான் என்ற பயத்தில் குடும்பமே அவளை ஒளித்துவைக்கிறது. வயதை ஏற்றிச் சொல்கிறார்கள், பரிசோதனைக்கே அனுப்புவதில்லை, கடைசி நேரத்தில் தெரியாத ஊரில் தெரியாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பிரசவ ஆபத்து மிக அதிகமாக இருக்கும் வயதில் மருத்துவமனையே அவளுக்குப் பயமுறுத்தும் இடமாகிவிடுகிறது. மகப்பேறு உதவித்தொகையும் 19 வயது முடிந்தவர்களுக்குத்தான், அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிள்ளை பெறுகிறவளையும் சின்னப் பெண்ணையும் தண்டிப்பதாக நினைத்து வைத்த இந்த நிபந்தனை, உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

இரண்டாவது, வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி முன்பணத்தைக் கழிக்கிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். சூளை முதலாளி விடாமல் வெளியே போக முடியாது. ஆதார் ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில். செவிலியர் கேட்கும் கேள்விக்கு இந்தியில்கூட இல்லை, சாந்தாலியிலோ ஒடியாவிலோதான் பதில் வரும். வலி எடுத்த பிறகு மேஸ்திரி வண்டி பிடித்தால் உண்டு. இவர்கள் நம் கணக்கிலும் முழுதாக வருவதில்லை, அவர்கள் சொந்த மாநிலத்துக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே, 'ஏன் இவர்கள் ஜி.எச்.சுக்குப் போவதில்லை' என்று உங்கள் ஊரில் யாராவது கேட்டால், அந்த வீட்டில் பணம் கட்டுவது யார், பிரசவ நாளில் யார் வேலை கெடும், போன தடவை அங்கே அவளை என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. தவணைப் பணம் ஏழாம் மாதத்துக்குள் கைக்கு வர வேண்டும். வயதையும் பிள்ளைக் கணக்கையும் வைத்து உதவியை மறுப்பதை நிறுத்த வேண்டும். சூளைகளுக்கும் மலைகளுக்கும் செவிலியர் போய்வர வண்டி வேண்டும். பிரசவ அறையில் இரவுக்கு இன்னும் இரண்டு செவிலியர் வேண்டும். இதில் எதற்கும் புதுக் கட்டிடம் தேவையில்லை.